நிழற்படத் தொழிலும் அகப்பக்கமும்

(தோட்டப்புற இளைஞர்களுக்கான தொழில் விளக்கக் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. பூவின் மணமே வாடிக்கையாளரை அழைத்து வந்துவிடும் என்பது அதன் பொருள். தெருவில் நடந்து போகிறவரைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால், நூறு மைலுக்கு அப்பால் இருப்பவரை அந்த மணம் எட்டுவதில்லை. அவர் நம்மைத் தேடி வர வேண்டுமானால், நாம் இன்னார், இன்ன தொழில் செய்கிறோம் என்பது அவருக்கு எவ்வழியிலேனும் தெரிந்தாக வேண்டும்.

இத்தோட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் படப்பிடிப்பைத் தொழிலாக மேற்கொண்ட இளைஞர்கள் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். திருமணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, ஆலயத் திருவிழா, பட்டமளிப்பு ஆகியவற்றை நீங்கள் படம் பிடித்துத் தருகிறீர்கள். உங்களுள் சிலர் இணையத்தில் சொந்த அகப்பக்கமும் அமைத்திருக்கிறீர்கள். "பக்கம் இருக்கிறது; வந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்; ஆனால், வேலை கொடுக்க அழைப்பவர் இல்லை" என்பது நீங்கள் கூறும் குறை. அக்குறையைப் போக்கும் வழிகளை இன்று ஆராய்வோம்.

இது இளைஞர்களுக்கு மட்டும் உரிய பொருளன்று. பெற்றோரும் கேட்க வேண்டியது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நல்ல படக்கருவி ஒன்றும் அதற்குரிய வில்லைகளும் வாங்க 5,000 வெள்ளிக்கு மேல் ஆகிவிடும். அதாவது, விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகும் ஒருவரின் ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம் முழுவதும் அந்தக் கருவிக்குள் அடங்கியிருக்கிறது. வேலை கிடைக்காமல் அது அலமாரியில் கிடக்குமாயின், கிடப்பது கருவி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் உழைப்பும் அதனோடு சேர்ந்து கிடக்கிறது.

முதலில், இத்தொழிலின் நிலை எவ்வாறு மாறியது என்பதை நோக்குவோம்.

1948-இல் நம் நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் அடையாளக் கார்டு பெற்றாக வேண்டும் என்ற விதி வந்தது. அக்கார்டில் நிழற்படமும் கைவிரல் ரேகையும் இடம்பெற்றன. தோட்டத்து முதியோர் பலருக்கு அதுவே வாழ்நாளில் எடுத்த முதற்படமாக அமைந்திருக்கும். பின்னர், திருமணம் முடிந்த கையோடு பட்டணத்துப் படக்கடைக்குச் சென்று, திரைச்சீலையின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. எந்தக் கடைக்குப் போவது என்பதை எவரும் ஆராய்ந்து பார்த்ததில்லை. பக்கத்து வீட்டார் எங்கே எடுத்தார்களோ அங்கேயே நாமும் எடுத்தோம். ஒரே வரிசை வீடுகளில், ஒரே ஆலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களுக்கு வாய்ச்சொல்லே விளம்பரமாக இருந்தது.

அந்த நிலை இன்று இல்லை. பல ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல இடங்களில் செம்பனை வந்தது. வேறு பல இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. ஒரே தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்கள் கிள்ளானுக்கும் காஜாங்கிற்கும் ஜொகூர் பாருவுக்கும் பெயர்ந்தன. திருமணம் செய்யும் வீட்டாருக்கு இன்று உங்கள் தந்தையின் பெயரும் தெரியாது. உங்கள் தோட்டத்தின் பெயரும் தெரியாது. முன்பு நமக்காகப் பக்கத்து வீட்டார் பேசினார்கள். இன்று அந்த வேலையை அகப்பக்கம் செய்ய வேண்டியிருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் நம்மை நம்புவதற்கு வேண்டிய செய்திகளை முறையாக எடுத்துரைப்பதே அதன் கடமை. உங்கள் பக்கத்தில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற ஐயம் எழும்போதெல்லாம், "இது அறியாதவரின் நம்பிக்கையை வளர்க்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

"முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் படங்களைப் போடுகிறோமே, தனியாக அகப்பக்கம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்ட வீட்டின் நிலையை நாம் நன்கு அறிவோம். வேலை இருக்கும் வரையில் அந்த வீடு நமக்கு உண்டு. வேலை முடிந்தால், அல்லது தோட்டம் கைமாறினால், அவ்வீட்டைக் காலி செய்ய நேரிடும். எத்தனை ஆண்டுகள் விளக்கேற்றி வாழ்ந்தாலும் அது நம் பெயரில் இருப்பதில்லை. சமூக ஊடகப் பக்கமும் அத்தகையதே. அந்நிறுவனம் விதியை மாற்றினால் நம் படங்களைப் பார்ப்போர் தொகை குறையலாம். கணக்கு முடக்கப்பட்டால் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைவிட்டுப் போகலாம். சொந்தப் பெயரில் பதிந்துகொண்ட அகப்பக்கமோ நம் பெயரில் வாங்கிய வீட்டைப் போன்றது. ஊடகங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே வருபவர்களை இங்கே அழைத்து வாருங்கள் என்கிறேன்.

டாட் மை என முடியும் நம் நாட்டு முகவரிகளை மைநிக் என்னும் அமைப்பு நிருவகிக்கிறது. அதன் முகவர்கள் மூலம் ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம். பெயர் சிறியதாகவும், தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்ளக் கூடியதாகவும் இருக்கட்டும். ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தத் தவறினால் அந்தப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்தை வேறொருவர் அமைத்துத் தந்தாலும், பெயர் உங்கள் பெயரிலேயே பதியப்பட்டிருக்க வேண்டும். கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பக்கத்தைச் சீர்படுத்தும் முறையைக் காண்போம். சுங்கைப்பட்டாணிக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் ஒரு படப்பிடிப்பாளர் இருப்பதாகக் கொள்வோம். கிள்ளானில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குச் சுங்கைப்பட்டாணி மண்டபத்தில் திருமணம். வேலை முடிந்து வீடு திரும்பிய அப்பெண், இரவில் கைப்பேசியை எடுத்து நான்கைந்து படப்பிடிப்பாளர்களின் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். அவர் மனத்தில் நான்கு கேள்விகள் இருக்கும். இவர் யார், எங்கே இருக்கிறார்? என் திருமணத்தை இவர் எவ்வாறு படம் எடுப்பார்? எவ்வளவு செலவாகும்? இவரை நம்பி முன்பணம் கொடுக்கலாமா? இந்நான்கிற்கும் விடை தரும் பக்கத்துக்கு அழைப்பு வரும்.

முதற்கேள்வி, யார், எங்கே என்பது. பல பக்கங்களைத் திறந்தால், முகப்பில் ஒரு பெரிய படமும், "நினைவுகளைச் செதுக்குகிறோம்" என்பது போன்ற அழகிய சொற்றொடரும் இருக்கும், வேறொன்றும் இராது. அப்படிப்பட்ட சொற்றொடரை எவரும் தேடுவதில்லை. "இந்தியத் திருமணங்களுக்கும் குடும்ப விழாக்களுக்கும் படப்பிடிப்பு, சுங்கைப்பட்டாணி, கூலிம், பினாங்கு வட்டாரம்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அதன் கீழ் உங்கள் பெயரும், நீங்கள் கருவியோடு நிற்கும் ஒரு படமும் இருக்கட்டும். தன் வீட்டு விழாவில் காலை முதல் இரவு வரை உடனிருக்கப் போகிறவரின் முகத்தைக் காண எவரும் விரும்புவர். நான்கு வரியில் உங்களைப் பற்றிக் கூறுங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்தச் சடங்கு எப்போது வரும், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவர் என்ற நம்பிக்கையை அது அளிக்கும்.

இன்னொரு காரணத்தாலும் இச்சொற்கள் தேவைப்படுகின்றன. கூகள் போன்ற தேடுபொறிகள் பெரிதும் சொற்களைக் கொண்டே ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று அறிகின்றன. படங்களை மட்டும் அடுக்கிவிட்டு ஒரு சொல்லும் எழுதாத பக்கம், பெயர்ப்பலகை இல்லாத கடையைப் போன்றது. கருவி கொடுத்த எண்ணையே படத்தின் கோப்புக்குப் பெயராக விடாமல், என்ன நிகழ்ச்சி, எந்த ஊர் என்பதைக் குறித்துப் பெயரிடுங்கள். படத்துக்குரிய மாற்றுக் குறிப்பு என்ற இடத்தில், "சுங்கைப்பட்டாணித் திருமணத்தில் மணமகளுக்குத் தாய் பொட்டு வைக்கிறார்" என்பதுபோல ஒரு வரி எழுதுங்கள். கண்பார்வை அற்றோருக்குக் கைப்பேசி வாசித்துக் காட்டுவதும் இக்குறிப்பையே. தமிழில் எழுதுங்கள், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மணமக்கள் ஆங்கிலத்தில் தேடலாம். பெற்றோர் தமிழில் படிக்க விரும்பலாம். பள்ளி, அலுவலக நிகழ்ச்சிகளுக்கு அழைப்போர் மலாயில் தேடுவர்.

இரண்டாவது கேள்வி, எவ்வாறு படம் எடுப்பார் என்பது. இங்கே நம் இளைஞர்கள் மிகையாகச் செய்துவிடுகிறார்கள். முந்நூறு, நானூறு படங்களை அள்ளிப் போடுகிறார்கள். "அகல உழுவதிலும் ஆழ உழு" என்பது பழமொழி. முகப்புக்கு இருபது அல்லது முப்பது படங்கள் போதும். அவற்றுள் மங்கலான ஒன்று இருந்தாலும், பார்ப்பவர் அதைக் கொண்டே உங்களை எடைபோடுவார். ஐயத்துக்குரிய படத்தை நீக்கிவிடுங்கள். எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையின் படங்களையே முன்னே வையுங்கள். திருமண வேலை வேண்டும் என்பவர் முகப்பில் மலைக்காட்சியையும் பறவைகளையும் வைத்தால், பெண் வீட்டார் என்ன நினைப்பர்?

இவற்றோடு, ஒரே திருமணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டும் ஒரு தொகுப்பும் இருக்கட்டும். மணமகள் அலங்காரம், மணமகன் அழைப்பு, தாலி கட்டும் நேரம், பெரியோரின் ஆசி, பந்தி, விடைபெறும் வேளையில் தாயின் முகம் என நாற்பது படங்கள் போதும். வெளிச்சம் நிறைந்த பூங்காவில் ஒரு நல்ல படம் எடுப்பது அரிதன்று. மண்டபத்தின் மங்கிய விளக்கிலும், ஓமப் புகையிலும், நெரிசலிலும் நாள் முழுவதும் ஒரே தரத்தோடு எடுக்க முடியுமா என்பதே வாடிக்கையாளரின் ஐயம். முழுத் தொகுப்பு அதைத் தீர்த்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு வேண்டுகோள். கணினியில் படத்தைச் சீர்செய்யும்போது நம் மக்களின் நிறத்தை வெளுக்கச் செய்யாதீர்கள். தாயும் தந்தையும் வெயிலில் உழைத்துப் பெற்ற நிறம் அது. அதை மாற்றிக் காட்டினால், தம் வீட்டாரையே அவர்கள் அடையாளம் காண இயலாமற் போகும். கருமேனிக்கு ஏற்றவாறு ஒளியை அளந்து எடுக்கத் தெரிந்தவர் என்ற பெயரே நம் மக்களிடையே உங்களுக்குச் சிறந்த விளம்பரமாகும்.

படங்களின் கனத்தையும் கவனிக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கருவி எடுக்கும் படம் குறுக்கே 6,000, நெடுக்கே 4,000 புள்ளிகள் கொண்டது. அப்படியே ஏற்றினால் ஒரு படமே பத்து மெகாபைட் அளவுக்குப் போய்விடலாம். முப்பது படங்கள் முந்நூறு மெகாபைட் ஆகும். அவை கைப்பேசியில் ஒவ்வொன்றாய்த் திறக்கும் வரையில் யார் காத்திருப்பார்? ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடிக்கு மேல் ஆனால், கைப்பேசியில் பார்ப்போரில் பாதிக்கு மேற்பட்டவர் விலகிவிடுகின்றனர் எனக் கூகள் நிறுவனம் 2016-இல் தெரிவித்தது. ஆகவே, நீண்ட பக்கம் 2,000 புள்ளி அளவுக்குப் படத்தைச் சுருக்கி, நானூறு கிலோபைட்டுக்குள் அமையுமாறு சேமித்து ஏற்றுங்கள். கைப்பேசித் திரையில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முழு அளவுப் படத்தை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் திறந்தவுடன் தானாகவே பாட்டு ஒலிப்பதையும் நிறுத்திவிடுங்கள். அலுவலகத்திலோ பேருந்திலோ பார்ப்பவர் திடுக்கிட்டு மூடிவிடுவார்.

பக்கத்தை அமைத்தது கணினியில் என்பதால் கணினியிலேயே பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. நம் வாடிக்கையாளர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார். கூகள் நிறுவனமும் கைப்பேசியில் தோன்றும் வடிவத்தையே தன் தேடலுக்கு அடிப்படையாகக் கொள்கிறது. அதிக விலையில்லாத ஒரு கைப்பேசியை எடுத்துக்கொண்டு, அலைவரிசை குறைந்த தோட்டத்து வாசலில் நின்று உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவே சரியான சோதனை.

மூன்றாவது கேள்வி விலை. "விலையைப் போட்டால் மற்றவர் குறைத்துக் கேட்பார்கள், வாடிக்கையாளர் ஓடிவிடுவார்" என்று பலரும் அஞ்சுகின்றனர். விலை தெரியாத கடைக்குள் நுழைய நாமே தயங்குகிறோம் அல்லவா? விலையைக் கேட்பதற்கே கூச்சப்பட்டு விலகிச் செல்வோர் பலர். ஒவ்வொரு வகை வேலைக்கும் எவ்வளவு கட்டணம், அதில் எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், ஆல்பம் உண்டா, இல்லையா, எத்தனை நாளில் கையில் கிடைக்கும், வெளியூர்ப் பயணச் செலவு சேருமா என்பனவற்றைத் தெளிவாக எழுதுங்கள். மூன்று வகைத் திட்டங்களுக்கு மேல் வேண்டா. மிகுந்தால் வாடிக்கையாளர் குழம்புவார்.

இது நல்ல வழக்கம் மட்டுமன்று. சட்டமும் இதை வேண்டுகிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இணைய வாணிகத்துக்கான விதிமுறைகள் 2012-இல் இயற்றப்பட்டு 2013 ஜூலை முதல் நடப்புக்கு வந்தன; 2024-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. இணையம் வழியாகப் பொருளோ சேவையோ விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், சேவையின் தன்மை, முழு விலை, பணம் செலுத்தும் முறை முதலியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம்.

நான்காவது கேள்வியே தலையாயது. நம்பி முன்பணம் கொடுக்கலாமா? கொடுத்த பணத்தோடு படப்பிடிப்பாளர் மறைந்துவிட்ட கதைகளை மக்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். திருமணம் மீண்டும் ஒருமுறை நடக்கப் போவதில்லை. எடுக்கத் தவறிய படத்தைப் பின்னர் எடுக்கவும் இயலாது. அவர்களுடைய அச்சத்தை நாம் குறையாகக் கொள்ளலாகாது. அதைப் போக்கும் சான்றுகளைத் தருவது நம் பொறுப்பு.

முதற்சான்று வணிகப் பதிவு. 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழிலைத் தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் செய்வோருக்கு ஆண்டுக் கட்டணம் 30 வெள்ளி. தனி வணிகப் பெயர் வைத்துக்கொள்வோருக்கு 60 வெள்ளி. பதிவு எண்ணைப் பக்கத்தின் அடியில் தெரியும்படி போடுங்கள். வணிகத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, முன்பணத்தை அதில் பெறுங்கள். முன்பணம் எவ்வளவு, நிகழ்ச்சி தள்ளிப்போனால் என்ன செய்வது, நீங்கள் நோயுற்றால் யார் வருவார் என்பதை எல்லாம் பக்கத்தில் எழுதி, ஒப்பந்தத் தாளிலும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அடுத்த சான்று, முந்தைய வாடிக்கையாளர்களின் சொல். கூகள் வணிக விவரப் பக்கம் ஒன்றை இலவசமாக அமைத்துக்கொள்ளலாம். வீட்டு முகவரியை வெளியிட விரும்பாதவர்கள், சேவை செய்யும் வட்டாரத்தை மட்டும் குறிப்பிடலாம். படங்களை ஒப்படைத்த அன்றே, மகிழ்ச்சியோடிருக்கும் வாடிக்கையாளரிடம் இரண்டு வரி எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். அண்ணன் தம்பியைக் கொண்டும் நண்பர்களைக் கொண்டும் பொய்யாகப் புகழுரை எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் மெய்யான பத்தும் பயனற்றுப் போகும். குறை கூறி ஒருவர் எழுதினால் சினம் கொள்ளாமல், நடந்ததையும் நீங்கள் செய்த பரிகாரத்தையும் அமைதியாகப் பதிலாக எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கும் புதியவர், உங்கள் பண்பை அதிலிருந்து அறிந்துகொள்வார்.

இனி, பலரும் அறியாத ஒரு செய்தியைக் கூற வேண்டும். "நான் எடுத்த படம் எனக்கே சொந்தம், எங்கும் போடுவேன்" என்று படப்பிடிப்பாளர்கள் கருதுகின்றனர். 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வேறு விதமாகக் கூறுகிறது. ஒருவர் பணித்து எடுக்கச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், பணித்தவருக்கே சென்றதாகக் கருதப்படும். எனவே, வாடிக்கையாளரின் திருமணப் படத்தை உங்கள் பக்கத்தில் வைக்க வேண்டுமானால், ஒப்பந்தத்திலேயே அதற்கான வரியை எழுதிக் கையொப்பம் பெற்றாக வேண்டும். மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு, மறுத்தவரிடம் வற்புறுத்தாதீர்கள். தொலைபேசி எண், முகவரி முதலிய விவரங்களைக் காக்கும் கடமையும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி வணிகம் செய்வோருக்கு இருக்கிறது.

சட்டத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. மஞ்சள் நீராட்டு விழாப் படங்களைப் பொதுவில் வைக்காதீர்கள் என்று ஆசிரியர் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் வேண்டிக்கொள்கிறேன். அவள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. நாளை அவள் வகுப்பறையில் உட்கார வேண்டும். அந்தப் படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவினால் அதைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. பெற்றோர் சம்மதித்தாலும், குடும்பத்தாரிடம் நேரில் காட்டும் ஆல்பத்தோடு அது நிற்கட்டும். "சிறுமியரின் விழாப் படங்களை நாங்கள் பொதுவில் வெளியிடுவதில்லை" என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தால், அதைக் காணும் தாய்மார்களின் மனம் உங்கள் பக்கம் திரும்பும் என்பதில் ஐயமில்லை.

நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. அந்தப் பெண் உங்களை அழைக்கத் தீர்மானிக்கிறார். அழைக்கும் வழி எங்கே இருக்கிறது? பக்கத்தின் மூலையில் ஒளிந்திருக்கக் கூடாது. தொலைபேசி எண்ணும், தொட்டவுடன் புலனத்தில் செய்தி அனுப்பும் பொத்தானும் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இருக்கட்டும். விண்ணப்பத்தாள் வைத்தால் பெயர், தொடர்பு எண், நிகழ்ச்சி நாள், இடம் என்னும் நான்கு விவரங்கள் போதும். மேற்கொண்டு கேட்டால் பாதியில் விட்டுவிடுவார். கேட்டவருக்கு அன்றைக்கே பதில் கூறுங்கள். அந்த நாளில் உங்களுக்கு வேறு வேலை இருந்தால் அதையும் சொல்லி, தெரிந்த மற்றொரு படப்பிடிப்பாளரின் பெயரைக் கொடுங்கள். இன்று நீங்கள் செய்த உதவியை அவர் மற்றொரு நாள் உங்களுக்குச் செய்வார்.

தை மாதத்திலும் ஆவணியிலும் திருமணங்கள் மிகுதி. மார்கழியிலும் ஆடியிலும் குறைவு. அந்த ஓய்வு மாதங்களே பக்கத்தைச் சீர்செய்யும் பருவம். பழைய விலைகளைத் திருத்துங்கள். புதிய படங்களைச் சேருங்கள். தளர்ந்த படங்களை நீக்குங்கள். கடைசியாகச் சேர்த்த படம் மூன்றாண்டுக்கு முந்தையது என்றால், தொழிலை விட்டுவிட்டார் என்றே பார்ப்பவர் எண்ணுவார். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அழைத்தவர் ஒவ்வொருவரிடமும், "எங்களை எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். எத்தனை பேர் கேட்டனர், எத்தனை பேர் உறுதிசெய்தனர் என்று மாதந்தோறும் கணக்குப் பாருங்கள். பலர் கேட்டும் எவரும் உறுதிசெய்யவில்லையானால், விலையிலோ பதிலிலோ குறை இருக்கிறது. எவருமே கேட்கவில்லையானால் பக்கத்தில் குறை இருக்கிறது. எங்கே பழுது என்பதை அக்குறிப்பேடு காட்டிவிடும்.

கணினியும் இணைய வசதியும் இல்லையே என்று மனந்தளர வேண்டியதில்லை. முன்னர் பெடி என வழங்கி, இப்போது நாடி என்று பெயர் பெற்றுள்ள அரசாங்க இணைய மையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. இணைய வசதியோடு சிறுதொழில் செய்வோருக்கான பயிற்சியும் அங்கே கிடைக்கிறது. சமூகக் கல்லூரிகளில் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. தொழிலைப் பெருக்க விரும்புவோருக்குத் தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடனுதவித் திட்டம் இருக்கிறது. ஆனால், கடன் பெறுமுன் ஒன்றைச் சிந்தியுங்கள். அழைப்புகள் வராததற்குக் காரணம் பழைய கருவி என்று எண்ணிப் புதிய கருவிக்குக் கடன் வாங்குவோர் உண்டு. முதலில், இருக்கும் கருவியால் எடுத்த படங்களைக் கொண்டு பக்கத்தைச் சீர்படுத்துங்கள். வேலை பெருகிய பின்னர் அந்த வருமானத்திலிருந்தே கருவியை மாற்றிக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை இரவெல்லாம் கணினியின் முன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "இது என்ன வேலை?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். ரப்பர்க் கன்று நட்ட மறுநாளே எவரும் உளியோடு போய் நிற்பதில்லை. களை பிடுங்கி, உரமிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்த பிறகே பால் காண்கிறோம். அகப்பக்கத்துக்கு அத்தனை ஆண்டு தேவையில்லை. எனினும் தேடுவோர் கண்ணில் படவும், நல்லுரைகள் சேரவும் சில மாதங்களாவது ஆகும். அந்த மாதங்களில் உங்கள் ஊக்கம் அவர்களுக்குத் தேவை.

இளைஞர்களே! இக்கூட்டத்திலிருந்து வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களை அறியாத ஒருவரிடம், வேறு தோட்டத்து நண்பரின் தாயாராகக்கூட இருக்கலாம், கைப்பேசியைக் கொடுத்து உங்கள் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் விளக்காதீர்கள். அவர் பார்த்து முடித்தபின், நீங்கள் யார், என்ன விலை, எப்படி அழைப்பது என்ற மூன்றையும் கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாளே அந்த இடத்தைத் திருத்தத் தொடங்குங்கள்.